துடுப்பும் ஒலிவாங்கியும்: கருவியிசையும் மின்னொலியும் சேருமிடம்

மட்டக்களப்பை 'மீன் பாடும் தேன்நாடு' என்று சொல்லாத விழா மேடை கிடையாது. பாடும் மீன் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது, மலர்களின் அட்டைகளில் இருக்கிறது, வரவேற்புரைகளில் தவறாமல் வருகிறது. ஆனால் அந்தப் பாட்டை முன்னோர் எப்படிக் கேட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காற்றுப் படுத்த நிலவு இரவில் தோணியை வாவி நடுவே நிறுத்துவார்கள். துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையைக் காதோடு ஒட்டிவைப்பார்கள். பேச்சை நிறுத்துவார்கள். பாட்டைக் கேட்க ஒரு கருவி வேண்டும், அந்தக் கருவியைப் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்பது இவ்வூராருக்குத் தெரிந்திருந்தது.

கடந்த அரைநூற்றாண்டில் உலகின் பல மூலைகளில் வளர்ந்த ஓர் இசை வகை இதே பொறுமையைத்தான் கேட்கிறது. அம்பியன்ட் இசை என்றும் சூழலிசை என்றும் அதைச் சொல்கிறார்கள். பியானோ, குழல், வயலின், தாளக் கருவி போன்றவை ஒரு பக்கம். ஒலிநாடா, சிந்தசைசர், கணினி மறுபக்கம். இரண்டையும் சேர்த்து, மெட்டையும் தாளத்தையும் பின்னுக்குத் தள்ளி, ஒலியின் நிறத்தையும் நீளத்தையும் முன்னுக்குக் கொண்டுவரும் இசை அது. இந்தச் சேர்க்கை எப்போது உண்மையாகக் கூடுகிறது, எப்போது வெறும் மேற்பூச்சாக நின்றுவிடுகிறது? ஓட்டமாவடி, வாழைச்சேனை, கல்லடி என்று வாவிகளின் கரையில் வாழும் நமக்கு இதில் என்ன இருக்கிறது? இவ்விரு கேள்விகளை வைத்து இந்தத் துறையின் வரலாற்றையும் முறைகளையும் நம்மூர் வளங்களையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துடுப்பு செய்யும் வேலை

இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது வாவியின் ஒலியைக் கேட்டார். 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தமது நூலில் அதை விரிவாக எழுதினார். அது ஒரே நீண்ட இசையாக இல்லாமல், தனித்தனியே தெளிவாகக் கேட்கும் எண்ணற்ற சிறு ஒலிகளின் கூட்டமாக இருந்தது என்பது அவருடைய கவனிப்பு. தோணியின் மரத்தில் காதை வைத்ததும் ஒலி பெருகியது என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. ஒலி மீனுடையதா, அடியில் கிடக்கும் ஊரி என்ற சங்கினத்தினுடையதா என்ற வழக்கை அவர் ஊரியின் பக்கம் தீர்த்துவைத்தார். அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை, வழக்கும் இன்னும் முடியவில்லை. 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவுசெய்தார். அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பாகி நாடு முழுவதும் கேட்டது.

கலிபோர்னியாவின் சாசலிட்டோ நகரில் படகு வீடுகளில் குடியிருந்தவர்கள், 1980களில் இரவெல்லாம் கேட்ட முனகலைப் பற்றி முறையிட்டார்கள். இயந்திரம் என்றும் கடற்படைச் சோதனை என்றும் பலவாறு பேச்சு எழுந்தது. கடைசியில் அது ஒருவகைத் தேரைமீன் என்று தெரிந்தது. ஆண் மீன் தன் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையை நொடிக்கு நூறு தடவை அளவில் அதிரவைத்துப் பெண் மீனை அழைக்கிறது. மீன் பாடுவது கற்பனை என்று எளிதில் தள்ளிவிட முடியாது என்பதற்கு அது சான்று.

துடுப்பு ஏன் வேண்டும் என்பதற்குப் பௌதிகம் தெளிவான விடை தருகிறது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீற்றர் வேகத்தில் போகிறது, காற்றில் சுமார் 340 மீற்றர். இரண்டின் அடர்த்தியும் வேகமும் இவ்வளவு வேறுபடுவதால், நீருக்குள் எழும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேற்பரப்பைத் தாண்டிக் காற்றுக்கு வருகிறது. மற்றதெல்லாம் திரும்பி நீருக்குள்ளேயே போய்விடுகிறது. நார் ஓடும் திசையில் மரம் ஒலியை ஏற்கும் தன்மை நீரின் தன்மைக்கு ஏறத்தாழ நெருக்கமானது. ஆகவே நீரிலிருந்து துடுப்புக்கும், துடுப்பிலிருந்து காதருகே உள்ள எலும்புக்கும் ஒலி காற்றின் தயவில்லாமலே ஏறிவிடுகிறது.

இன்று ஒலிக் கலைஞர்கள் பயன்படுத்தும் தொடு ஒலிவாங்கி செய்வதும் இதே வேலைதான். பித்தளைத் தகட்டில் ஒட்டிய பீங்கான் வில்லை அது. பேசும் வாழ்த்து அட்டையிலும் மின்மணியிலும் இருக்கும், சில்லறை விலைக்குக் கிடைக்கும். அதிர்வு பட்டால் மின்னழுத்தம் தரும். இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, ரப்பர்ப் பூச்சுப் பூசி நீர் புகாமல் அடைத்தால் அதுவே நீரடி ஒலிவாங்கியாகிறது. உள்வாங்கும் தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையாத முன்பெருக்கி ஒன்று அதற்கு வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ச் சுரங்கள் செத்துப்போய், தகரம் உரசும் சத்தம் மட்டும் மிஞ்சும். மரத் துடுப்புக்கும் இந்த வில்லைக்கும் இடையில் இருப்பது அளவு வேறுபாடு மட்டுமே.

மேற்கில் வந்த வழி

பின்னணியாக ஒலிக்கும் இசை என்ற எண்ணத்தை முதலில் துணிந்து மேடையேற்றியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தி. வீட்டுத் தளவாடம் போல அறையில் கிடக்கும் இசை என்று அதற்குப் பெயர் வைத்தார். 1920 மார்ச் 8ஆம் திகதி பாரிஸ் கலைக்கூடம் ஒன்றில் அது முதலில் வாசிக்கப்பட்டபோது, பேசிக்கொண்டே இருங்கள், கவனிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவையோர் வாய்மூடிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தச் சிக்கல் அன்றிலிருந்து இந்த இசையை விட்டுப் போகவில்லை. கவனிக்க வேண்டாத இசையை எந்த அளவு கவனத்துடன் செய்வது?

1948இல் பியேர் ஷேஃபர் புகையிரத ஒலிகளைப் பதிவுசெய்து, வெட்டி, அடுக்கி, பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பினார். எந்த ஒலியும் இசைக்கு மூலப்பொருள் ஆகலாம் என்ற கதவு அங்கே திறந்தது. தண்டவாளத்தின் தாளம் அவருடைய கையில் இசையானது. ஓட்டமாவடிப் பாலத்தில் ஒரு காலத்தில் புகையிரதமும் வாகனமும் ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் மாறி மாறிப் போயின. அந்தப் பாலம் எழுப்பிய ஒலியை அறிந்தவர்களுக்கு ஷேஃபரின் முயற்சி அந்நியமாகத் தெரியாது.

அம்பியன்ட் என்ற பெயரை நிலைநிறுத்தியவர் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. 1975இன் தொடக்கத்தில் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த அவருக்கு ஒரு தோழி 18ஆம் நூற்றாண்டு யாழிசை இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் போனார். ஒலி மிகக் குறைவாக இருந்தது. ஒலிபெருக்கியின் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. எழுந்து போய்ச் சரிசெய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. வெளியில் பெய்த மழையும் யாழின் சிதறிய சுரங்களும் ஒன்றாகக் கலந்து கேட்டதில்தான் புது வகை இசைக்கான எண்ணம் பிறந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆகவே இந்த இசையின் பிறப்புக் கதையிலேயே ஒரு தந்திக் கருவியும், பழுதான ஒரு மின்கருவியும், மழையும் கூடியிருக்கின்றன.

1978இல் வெளிவந்த ஈனோவின் விமான நிலைய இசையில் ரொபேர்ட் வயற் வாசித்த பியானோவும் மனிதக் குரல்களும் ஒலிநாடா வளையங்களாகச் சுழல்கின்றன. ஒரு குரல் சுமார் 23.5 விநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும். இன்னொன்று சுமார் 26 விநாடிக்கு, மற்றொன்று சுமார் 30 விநாடிக்கு. நீளங்கள் பொருந்தாததால் அவை ஒன்றோடொன்று சந்திக்கும் விதம் திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருக்கும். இசையமைப்பாளர் விதியை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இதே இசையை 1998இல் பாங் ஆன் எ கான் குழு ஒலிநாடா வளையங்களை நம்பாமல், மனிதர் வாசிக்கும் கருவிகளில் மறுபடி வாசித்துக் காட்டியது. இயந்திரத்தின் வழியே பிறந்த இசை திரும்பவும் கைக்கு வந்தது.

1980இல் இந்த வழியில் மூன்று முக்கியமான இசைத்தட்டுகள் வந்தன. ஹரல்ட் பட் பியானோவுடன் ஈனோவோடு சேர்ந்தார். நியூயோர்க் பூங்காவில் ஸிதர் (zither) என்ற தந்திக்கருவியை வாசித்துக்கொண்டிருந்த லாராஜியை ஈனோ கண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்தார். ஜோன் ஹசல் தம் எக்காளத்தை மின்கருவிகளின் வழியே செலுத்தி, கிரானா கரானாவின் பண்டித் பிரான்நாத்திடம் கற்ற கமகத்தை அதில் இழுத்தார். அமெரிக்க இசையமைப்பாளர்களான டெரி ரைலியும் லா மொன்ட் யங்கும் பிரான்நாத்தின் மாணவர்களே. மேற்கின் நீண்ட சுர இசைக்கு இந்தியத் தம்புரா கொடுத்த கடன் பெரிது.

நான்கு வழிகள்

கிழக்கில் தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து இருப்பதைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று சொல்வார்கள். அடுக்கு தனித்தனியே தெரியும், ஆனால் ஒன்றில்லாமல் மற்றது இறங்காது. கருவியும் மின்னொலியும் சேரும் இசையை மதிப்பிடவும் இந்த அளவுகோல் போதும். மின்னொலியை எடுத்துவிட்டால் கருவி ஏழையாக வேண்டும், கருவியை எடுத்துவிட்டால் மின்னொலி பொருளிழக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் சேர்க்கை நடக்கவில்லை.

முதல் வழி நீட்டல். ஒரு சுரத்தை ஒலிநாடாவிலோ கணினியிலோ பிடித்துத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது. கருவியின் ஒலி எழுந்து தேய்ந்து மறையும் இயல்பை இது வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. நீட்டலின் ஆபத்து சோம்பல். எதை நீட்டினாலும் ஓரளவு அழகாகத்தான் கேட்கும், அதனால் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட முடியும்.

இரண்டாம் வழி அறை. பவ்லின் ஒலிவெரோசும் இரு நண்பர்களும் 1988இல் வொஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்ட் வோர்டனில் நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றுக்குள் இறங்கினார்கள். அங்கே ஓர் ஒலி அடங்க ஏறத்தாழ 45 விநாடி எடுத்தது. அக்கோடியன், டிராம்போன், குரல் போன்றவைதான். மின்கருவி ஏதுமில்லை. மறுவருடம் வந்த இசைத்தட்டைக் கேட்பவர் அதைச் சிந்தசைசர் என்றே நினைப்பார். கட்டிடமே கருவியாகும்போது மின்னியல் செய்யும் வேலையைச் சுவர் செய்துவிடுகிறது. இன்று ஒரு பலூனை உடைத்து அல்லது கைதட்டி ஓர் இடத்தின் எதிரொலியைப் பதிவுசெய்து, அந்தப் பதிவின் வழியே எந்தக் கருவியின் ஒலியையும் கணினியில் செலுத்த முடியும். மட்டக்களப்பு ஒல்லாந்தர் கோட்டையின் எதிரொலியில் மத்தளத்தை ஒலிக்கவைப்பது ஒரு பின்னேரத்து வேலை.

மூன்றாம் வழி உருமாற்றம். கனடாவின் டிம் ஹெக்கர் 2018இல் வெளியிட்ட இசைத்தட்டில் ஜப்பானின் அரசவை இசையான ககாக்குவை வாசிப்போர் பங்குகொண்டனர். அவர்களுடைய நாணற்குழல் ஒலியை அவர் சிதைத்தும் கலைத்தும் அடுக்கினார். மூங்கில் எது, மின்சாரம் எது என்று பிரிக்க முடியாத எல்லைக்கு அது போகிறது. கருவியின் மரபை மதித்துக்கொண்டே அதன் உருவத்தைக் குலைக்கும் இந்த வேலை கத்தி முனையில் நடப்பது. மரபை அறியாதவர் செய்தால் அது வெறும் அலங்காரக் கொள்ளை.

நான்காம் வழி இடத்தின் ஒலியையே ஒரு குரலாகச் சேர்ப்பது. கனடாவில் ஆர். மரி ஷேஃபர் தொடக்கிய உலக ஒலிச்சூழல் திட்டம், ஊர்களின் ஒலியை மறைவதற்கு முன் ஆவணப்படுத்தும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. அனியா லொக்வூட் 1982இல் ஹட்சன் ஆற்றை ஊற்றிலிருந்து கடல் வரை ஒலிவரைபடமாக்கினார். ஜப்பானின் ரியூயிச்சி சகாமோட்டோ, 2011 ஆழிப்பேரலையில் மூழ்கிய ஒரு பாடசாலைப் பியானோவைத் தேடிப்போய் வாசித்தார். தந்திகள் தளர்ந்து சுரம் கெட்டிருந்தன. கடல் அதற்குப் புதிய சுரம் கூட்டிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். 2017இல் வந்த அவருடைய இசைத்தட்டில் அந்தப் பியானோ ஒலிக்கிறது. 2004 டிசம்பர் 26இல் நாவலடியையும் கல்லடியையும் கடல் வாரிக்கொண்டு போன மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு, கெட்டுப்போன ஒன்றைத் திருத்தாமல் அப்படியே ஒலிக்கவிடும் அந்தத் துணிவு உடனே புரியும்.

நம் காதுக்குப் பழகியவை

இது வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதற்கு முன் நம் வீட்டுக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும். தம்புராவின் பாலத்தில் தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூலைச் செருகி, மயிரிழை அளவில் நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்துவார்கள். அந்த இடத்தில் தந்தி பாலத்தை உரசி, ஒரு சுரத்துக்குள் மறைந்திருக்கும் மேற்சுரங்களை எல்லாம் வெளியே கொட்டும். நான்கு தந்தியிலிருந்து கடல் போன்ற ஓர் ஒலி எழும். மெட்டில்லை, தாளமில்லை. சூழலிசையின் இலக்கணத்தைத் தேடுவோர் தம்புராக்காரரின் விரலைப் பார்த்தால் போதும்.

அந்தத் தம்புராவை மின்னியல் ஆக்கியதும் நம்மவர்களே. பெங்களூரில் ராடெல் நிறுவனத்தின் ராஜ் நாராயண் 1979இல் மின்னணுச் சுருதிப் பெட்டியைச் செய்தார். அதற்குப் பின் சங்கீத வகுப்பு நடக்கும் எந்த வீட்டிலும் மரக் கருவியும் மின்கருவியும் சேர்ந்து ஒலிப்பது அன்றாட வழக்கமாகிவிட்டது. இதைப் பரிசோதனை என்று யாரும் சொல்வதில்லை. வசதி கருதி வந்தது, நிலைத்துவிட்டது.

கீதா சாராபாய் 1946இல் நியூயோர்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜுக்கு இந்திய இசை கற்றுக்கொடுத்து, அவரிடமிருந்து மேற்கத்திய இசை கற்றார். மனதை அமைதிப்படுத்துவது இசையின் பணி என்று தம் குருவிடமிருந்து கேட்டதை அவர் கேஜிடம் சொன்னார். கேஜின் வாழ்நாள் சிந்தனையை அது திருப்பிவிட்டது. அந்தச் சாராபாய் குடும்பத்தின் ஊக்கத்தில் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மோக் சிந்தசைசரை வைத்து மின்னியல் இசைக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே செய்த ஒலிநாடாக்கள் அரைநூற்றாண்டு கிடப்பில் கிடந்தன. போல் பர்கஸ் அவற்றைத் தேடியெடுத்து, 2023இல் தொகுப்பாக வெளியிடச் செய்தார். பெட்டியில் வைத்து மறந்த ஒலிநாடாவும் ஒருநாள் வரலாற்றைத் திருத்தும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இலங்கைத் தமிழரோடு நேரடித் தொடர்புள்ள பெயர் எல். சங்கர். தந்தை வி. லட்சுமிநாராயணன் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்ததால் அவருடைய இளமை அங்கே கழிந்தது. 1958 வன்செயலோடு குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. பின்னாளில் அவர் பத்துத் தந்திகளும் இரு கழுத்துகளும் கொண்ட மின்வயலினை உருவாக்குவித்தார். டபிள் பாஸ் தொடங்கி வயலின் வரை எல்லா எல்லையையும் அது தொட்டது. 1983இல் யான் கார்பரெக்கோடும் பல்லே மிக்கல்போர்க்கோடும் ஈசிஎம் நிறுவனத்துக்கு வாசித்ததிலும், 1989இல் பீற்றர் கேப்ரியலின் திரைப்பட இசையிலும் அந்த ஒலியைக் கேட்கலாம். கர்நாடக கமகம் எதிரொலிக்குள் கரையாமல் நிற்பது அவருடைய சாதனை. கமகம் தெளிவாக இருந்தால் எவ்வளவு எதிரொலியையும் தாங்கும் என்பது அவருடைய இசை தரும் பாடம்.

இன்றைய தலைமுறையில் நியூயோர்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கணவ்யா குறிப்பிடத்தக்கவர். 2024இல் வந்த அவருடைய இசையில் தமிழ்க் குரல் முன்னால் நிற்க, மின்னொலி மூச்சைப் போலப் பின்னால் வருகிறது. கொழும்பில் மியூசிக்மேட்டர்ஸ் வட்டத்தைச் சேர்ந்தோர் நடத்தும் பரிசோதனை இசை அரங்குகளும், தென்னிலங்கைப் பலிச் சடங்கின் மேளத்தையும் பாடலையும் புதிய இசையோடு இணைக்கும் பலிஃபொனிக்ஸ் குழுவும் இந்நாட்டில் நடக்கும் வேலையைக் காட்டுகின்றன. சடங்கைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தவரே பலிஃபொனிக்ஸில் சம பங்காளர்களாக இருப்பது நாம் பின்பற்றத்தக்க முறை.

கிழக்கின் ஒலிக் களஞ்சியம்

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பாடும் மீன் ஒலியைக் கருவாகக் கொண்டு 'நீரர மகளிர்' எழுதியவரும் அவரே. 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய 'யாழ் நூல்' சிலப்பதிகார இசைக் குறிப்புகளைக் கணிதத்தால் ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழ்களின் சுர அளவைகளை மீட்டது. அவர் கணக்கின்படி செய்த யாழ்கள் அந்த அரங்கேற்றத்தில் ஒலித்தன. அடுத்த மாதமே அவர் மறைந்தார். இல்லாமற்போன ஒலியை எண்களிலிருந்து கட்டியெழுப்புவது இன்று கணினியில் இசை செய்வோரின் அன்றாட வேலை. அடிகள் அதைத் தாளிலும் பென்சிலிலும் செய்தார். கிழக்கில் மின்னியல் இசைக்கு ஒரு மூதாதையைத் தேடினால் அவரைத் தாண்டிப் போகத் தேவையில்லை.

கருவிகளுக்கும் குறைவில்லை. கூத்தின் மத்தளத்தில் அடி விழுந்ததும் ஒலி உடனே அடங்கிவிடும், பக்கத்தில் சல்லாரி நீண்டு கரையும். இந்த முரண்பாடே ஒரு முழு இசைக்குப் போதுமானது. சல்லாரியின் ஒரே தட்டலை எட்டு மடங்கு மெதுவாக ஓட்டினால், ஒன்றுக்கொன்று இசையாத பல சுரங்கள் வெவ்வேறு வேகத்தில் மறைவதைக் கேட்கலாம். கண்ணகி சடங்கின் உடுக்கில் இடைக் கயிற்றை நெரித்தால் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். சிந்தசைசரில் ஒரு சக்கரத்தைத் திருப்பிச் செய்வதை உடுக்குக்காரர் உள்ளங்கையால் செய்கிறார். பறையோடு வரும் சொர்ணாளியின் கூர்மை எந்த மின்னொலிக்கும் அடங்காது. 1990களில் பேராசிரியர் சி. மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இக்கருவிகளைத் திரட்டி 'இன்னியம்' என்ற வாத்திய அணியை அமைத்தார். சடங்கிலும் கூத்துக் களரியிலும் தனித்தனியே நின்றவை ஒரே அணியில் நடந்தன. சேர்க்கையின் முதற்படி அங்கே போடப்பட்டுவிட்டது.

ஓட்டமாவடி போன்ற முஸ்லிம் ஊர்களில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. பக்கீர் பாவாக்களின் றபானும், பொல்லடியும், வயல்வெளிக் கவிகளும் பழைய தலைமுறையோடு நெருக்கமாக இருந்தவை. இசைக்கருவி கூடாது, றபான் போன்ற தோற்கருவிக்கு மட்டும் இடமுண்டு, அதுவும் கூடாது என்று மார்க்க அறிஞரிடையே பல கருத்துகள் உண்டு. இந்தக் கட்டுப்பாட்டிலிருந்தே உலகெங்கும் ஒரு புது வழி பிறந்திருக்கிறது. கருவியே இல்லாத நஷீத்களில் குரலை மட்டும் பதிவுசெய்து, அதையே கணினியில் அடுக்கி, நீட்டி, தாழ்த்தி, சிந்தசைசர் போன்ற பின்புலத்தை எழுப்புகிறார்கள். அப்படி மாற்றிய குரல் குரல்தானா, கருவியாகிவிட்டதா என்று இப்போது விவாதம் நடக்கிறது. ஒலியியலில் மிக நுட்பமான இந்த வினாவை முன்னணிப் பரிசோதனைக் கலைஞர்களைப் போலவே மார்க்க வரம்பைப் பேணுவோரும் கேட்கிறார்கள். கருவியில்லாமல் குரலையும் வாவியின் ஒலியையும் மட்டும் வைத்து ஒரு சூழலிசை சாத்தியம். அது இங்கிருந்தே வரக்கூடும்.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. வெளிநாட்டு மின்னியல் இசையில் வாங்கு சொல்லும் ஒலியை வெட்டியெடுத்து 'கிழக்கத்திய வாசனை'க்காகச் சேர்ப்பது பழைய பழக்கம். வாங்கு இசையாகக் கருதப்படுவதில்லை, அது தொழுகைக்கான அழைப்பு. குளிர்த்திப் பாடலும் அப்படியே, அது அம்மன் சந்நிதிக்கு உரியது. பதிவுக்கருவி கையில் இருப்பதால் எல்லா ஒலியும் நம்முடையதாகிவிடாது. யாருடைய ஒலி, அவர் சம்மதித்தாரா, பலன் யாருக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருந்தால்தான் பதிவு நியாயமாகும்.

எதிர்க்கருத்துகள்

இது இசையா, வெறும் இரைச்சலா என்ற கேள்வி பழையது, அதனால் பயனும் அதிகமில்லை. தம்புராவை மட்டும் தனியே ஒரு மணி நேரம் கேட்டவர் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். அதைவிட வலுவானது, இது தூங்கவைக்கும் சரக்காகிவிட்டது என்ற குற்றச்சாட்டு. நித்திரைக்கு, படிப்புக்கு, தியானத்துக்கு என்று பெயரிட்டு மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகளில் பெரும்பாலானவை எந்த ஊரையும் எந்தக் கையையும் சேராதவை. குற்றச்சாட்டு சரி. இடத்தோடும் கருவியோடும் உள்ள பிணைப்பு அறுந்தால் இந்த இசைக்கு மிஞ்சுவது மேற்பூச்சு மட்டுமே என்பதை அந்தத் தொகுப்புகளே காட்டுகின்றன.

ஹசலைப் பற்றிய விமர்சனமும் கவனிக்கத்தக்கது. உலகின் பல பண்பாடுகளின் ஒலியைச் சேர்த்து, எந்த மண்ணுக்கும் பொறுப்பில்லாத ஒரு கற்பனை நாட்டை அவர் கட்டினார் என்பார்கள். பிரான்நாத்திடம் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கற்றதால் அவர் தப்பினார், அவரைப் பார்த்துப் போலி செய்தவர்கள் தப்பவில்லை. பணம் இல்லை என்பது நம் பக்கத்திலிருந்து வரும் தயக்கம். கைத்தொலைபேசியும், தொடு ஒலிவாங்கி ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருளும் தொடங்குவதற்குப் போதும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்டில், மின்கலத்தில் ஓடும் சிறு கருவியே நம்பகமானது.

எது முதலில்

நம்மிடம் இல்லாதது பதிவு. லாங் அடிகளாருக்குப் பின் வாவியின் ஒலியைப் பருவம் பருவமாக, இடம் இடமாக முறையாகத் திரட்டிய பொதுக் களஞ்சியம் ஒன்று நம் கையில் இல்லை. போர்க்காலத்தில் இரவில் வாவியில் இறங்குவதே சிக்கலாக இருந்தது. 2013இல் கல்லடியில் புதுப் பாலம் வந்து வாகன இரைச்சல் பழைய பாலத்தை விட்டு விலகியது. கேட்க ஒரு வாய்ப்பு மீண்டும் கிடைத்திருக்கிறது. வாழைச்சேனைக் காகித ஆலை முழு அளவில் ஓடிய காலத்தின் இரைச்சல், ஓட்டமாவடிப் பாலத்தில் புகையிரதமும் லொறியும் முறைவைத்துப் போன காலத்தின் ஒலி ஆகியவை முதியவர்களின் நினைவில்தான் எஞ்சியிருக்கின்றன.

வேலையின் வரிசையும் இதிலிருந்து தெளிவாகிறது. வாடைக் காலத்தில் ஒருமுறை, கச்சான் வீசும் காலத்தில் ஒருமுறை, முகத்துவாரம் திறந்தபின் ஒருமுறை என்று நீரடி ஒலியைப் பதிவுசெய்து திகதியும் இடமும் எழுதி வைப்பது முதல் வேலை. மீனவர், கூத்து அண்ணாவிமார், பாவாக்கள் ஆகியோரின் சம்மதத்தோடும் பெயரோடும் அவர்களுடைய ஒலியைச் சேர்ப்பது இரண்டாவது. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை கற்கும் மாணவரும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் பௌதிகமும் கற்கும் மாணவரும் ஒரே தோணியில் ஏறினால் ஊரியா மீனா என்ற வழக்குக்கும் ஒரு தீர்வு கிடைக்கலாம். சிந்தசைசர் வாங்குவது மூன்றாவது இடத்தில் வரட்டும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன நடக்கும் என்பதை உலக உதாரணங்கள் காட்டிவிட்டன. கருவியை முதலில் வாங்கி, ஒலியைப் பிறகு தேடுபவர் எங்கிருந்தோ வந்த ஒலியைத்தான் நீட்டிக்கொண்டிருப்பார். கேட்டலை முதலில் பழகியவருக்கு நீட்டத்தக்க ஒலி எது என்று தெரியும். அகமதாபாத் ஒலிநாடாக்கள் அரைநூற்றாண்டு தாமதமாகவாவது வெளிவந்தன, ஏனென்றால் யாரோ அவற்றைப் பதிவுசெய்து பெட்டியில் வைத்திருந்தார்கள். பதிவாகாத ஒலிக்கு அந்த இரண்டாம் வாய்ப்பும் கிடையாது.